தானியத்துக்கு வந்த மரியாதை

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவு அரசியல் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது மாட்டுக்கறியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். இல்லையாம், குயினோவா பற்றிப் பேச வேண்டுமாம். உங்கள் விடுதியில் இருவர் மைதாவை விட்டுவிட்டார்கள். ஒரு தோழருக்குச் சீலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவர் குடலுக்கு ஆகாது. இன்னொரு தோழரின் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். முன்பு "சோற்றை விடுங்கள், சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்றார்களாம், இப்போது "சப்பாத்தியையும் விடுங்கள், தினை சாப்பிடுங்கள்" என்கிறார்களாம். ஆக உங்கள் கேள்வி இது: குயினோவா, தினை, சாமை, கேழ்வரகு என்று சாப்பிடப் பழகுவது நல்ல பழக்கமா, இல்லை காசுள்ளவர்களின் மோஸ்தரா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் பழகுங்கள். ருசித்துச் சாப்பிடவும் முடியும், எப்படி என்று பிறகு சொல்கிறேன். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் தானியங்களுக்குப் பெரிய மரியாதை வந்திருக்கிறது. இவற்றை விதைத்து, குத்தி, களி கிண்டிச் சாப்பிட்டதற்காகவே ஏளனம் செய்யப்பட்ட மனிதர்களுக்கு அந்த மரியாதையில் பங்கு வந்ததா? இதைக் கேட்காமல் தட்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது.

ஆண்டிஸ் மலையிலிருந்து

குயினோவாவின் கதை நமக்கு அந்நியமானதல்ல. தென்னமெரிக்காவில், இன்றைய பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையில் டிடிகாக்கா ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பயிர் விளைகிறது. அதை வளர்த்தவர்கள் அய்மாரா, கெச்சுவா பழங்குடி மக்கள். தாவரக் குடும்பப்படி அது நெல்லுக்கும் கோதுமைக்கும் உறவில்லை, நம் தண்டுக்கீரைக்குத்தான் உறவு. உப்பு மண்ணிலும் கடும் குளிரிலும் நிற்கும்.

ஸ்பானியர்கள் வந்தார்கள். கோதுமையும் பார்லியும் கூடவே வந்தன. கோதுமை எஜமானரின் உணவானது, குயினோவா 'இந்தியர்களின் சாப்பாடு' ஆனது. அங்கே 'இந்தியர்' என்பது பழங்குடிகளைக் குறிக்கும் வசைச்சொல். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நகரத்து மனிதர்கள் அதை ஏழையின், காட்டானின் உணவாகவே பார்த்தார்கள்.

பிறகு அமெரிக்க, ஐரோப்பியக் கடைகள் அதைக் கண்டுபிடித்தன. 2013ஆம் ஆண்டைச் சர்வதேசக் குயினோவா ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அந்தக் கோரிக்கையை முன்வைத்தது பொலிவியா. அதன் அன்றைய அதிபர் ஈவோ மொராலெஸ் அய்மாரா சமூகத்தில் பிறந்தவர். வசையாக இருந்த உணவை ஒரு பழங்குடி அதிபர் உலக மேடையில் ஏற்றினார் என்பதைச் சிறிதாக எண்ணாதீர்கள்.

ஆனால் சந்தைக்கு வேறு கணக்கு. விலை ஏறு ஏறு என்று ஏறியது. மலைக் குடும்பங்கள் பலவற்றின் கையில் முதன்முறையாகக் காசு புழங்கியது. விலையைப் பார்த்துப் பெருவின் கடலோரப் பெரும்பண்ணைகளும் வேறு நாடுகளும் விதைத்தன. 2015 வாக்கில் விலை சரிந்தது. பெரும்பண்ணைகள் அடுத்த பயிருக்குப் போகலாம். உப்பு மண்ணை நம்பியிருக்கும் மலைக் குடும்பம் எங்கே போகும்? தானியத்தின் புகழ் உலகச் சொத்தாயிற்று, நட்டம் மட்டும் அதைக் காப்பாற்றியவர்களிடமே தங்கிவிட்டது.

கேப்பையில் வடியும் நெய்

இப்போது நம் பக்கம் வருவோம். "கேப்பையிலே நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு மதி எங்கே போச்சு" என்று ஒரு பழமொழி உண்டு. நம்ப முடியாத பொய்க்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஏன் அந்த உதாரணம்? கேப்பை இல்லாதவரின் தானியம், நெய் இருப்பவரின் பண்டம், இரண்டும் ஒரே தட்டில் சேராது என்பது ஊரறிந்த நியாயம். பழமொழிக்குள்ளேயே தட்டுகளின் படிநிலை இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் சக்வாரா என்ற கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானம், 1936. தீண்டப்படாதவர் ஒருவர் புனித யாத்திரை முடித்துத் திரும்பி, தன் சமூகத்தாருக்கு விருந்து வைக்கிறார். பரிமாறிய பண்டங்களில் நெய்யும் இருந்தது. சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். நெய் அவர்கள் காசில் வாங்கியது, விருந்தும் அவர்களுக்குள் நடந்தது. இருந்தும் நெய் உயர்ந்த அந்தஸ்தின் அடையாளமாம், அதைத் தொட்டதே திமிராம்.

தானியங்களுக்குள்ளும் இதே ஏணிதான். பதினாறாம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் கனகதாசர் இருந்தார், ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்தவர். 'ராமதான்ய சரிதே' என்ற அவருடைய நூலில் அரிசியும் கேழ்வரகும் யார் உயர்ந்தவர் என்று சண்டை போடுகின்றன. அரிசி தன் உயர்குலப் பெருமை பேசுகிறது. கேழ்வரகு, தான் ஏழைகளின் பசி ஆற்றுவதைச் சொல்கிறது. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறான். அரிசி கெட்டுப்போகிறது, கேழ்வரகு அப்படியே இருக்கிறது. தானியத்தின் வாயால் சாதியைப் பேச வேண்டியிருந்த காலம் அது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அரசின் காகிதங்களைப் பாருங்கள். சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் நெடுங்காலம் 'கரடுமுரடான தானியங்கள்'. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட அந்தப் பெயர்தான். ரேஷன் விலையிலும் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், கரடுமுரடானவை 1 ரூபாய் என்று படி இறங்கியது. 2018இல் ஒன்றிய அரசு இவற்றைச் 'சத்துத் தானியங்கள்' என்று மாற்றி அறிவித்தது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது. அதே ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் 'ஸ்ரீ அன்ன' என்ற பெயர் வந்தது.

கேப்பைக்கு 'ஸ்ரீ' வந்துவிட்டது, தோழர்களே. ஐந்தாறு ஆண்டுகளில் கரடுமுரடிலிருந்து ஸ்ரீ வரை பதவி உயர்வு! தானியம் அதே தானியம்தான். சாப்பிடுகிறவர் மாறினார், பெயர் மாறியது. அந்தப் பெயரும் எந்த மொழிக்கிடங்கிலிருந்து வந்தது என்று கவனியுங்கள். கேப்பை, கம்பு, வரகு என்று உழைத்தவர் வாயில் புழங்கிய பெயர்களுக்கு அந்தத் தகுதி இல்லை போலும்.

சோறு என்பது வெற்றி

"அரிசியை விடுங்கள், பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள்" என்று சிறுதானியப் பிரச்சாரத்தில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலோடு எனக்குச் சண்டை உண்டு.

என் ஆய்வு வேளாண் கூலி பற்றியது. கூலி தானியமாகக் கிடைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களோடு பேசுவதுதான் என் களப்பணி. என் குடும்பமும் கிருஷ்ணகிரிப் பக்கம். எங்கள் ஆயாவுக்குக் கூலி கேழ்வரகாகத்தான் வரும். நெல்லுச்சோறு பண்டிகைக்கு, இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாதபோது. "களி தின்னு களி தின்னு நாக்கே செத்துப்போச்சு" என்பார். அதே ஆயா இன்றைக்கும் களியை ரசித்துத்தான் சாப்பிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு அவர் வீட்டில் அரிசியும் இருக்கிறது.

நெல் விளைந்த கீழத்தஞ்சையில், நட்டவருக்கும் அறுத்தவருக்கும் அந்த நெல்லில் எவ்வளவு என்பதுதான் கேள்வியாக இருந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரு படி தானியத்தின் பாதி. அதற்கு அந்த விலை கொடுத்திருக்கிறோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டது. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011இல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. "இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை" என்று யார் புலம்புகிறார்கள் என்று பாருங்கள். பண்ணையார் அளக்கும் படிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்த அரிசி. அதைச் சாப்பிடுகிறவரைப் பார்த்து "வெள்ளை அரிசி விஷம்" என்று பாடம் எடுக்க நமக்கு உரிமை கிடையாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கம்பைக் குத்த வேண்டும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் உமி நீக்க வேண்டும். 'பாட்டி காலத்து உணவு' என்று பொட்டலத்தில் அச்சடிக்கிறார்களே, அந்தப் பாட்டி விடியுமுன் எழுந்து உரலில் குத்தி, புடைத்து, பிறகு வயலுக்குப் போனவர். மில் அரிசி வந்தபோது அவர் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. பாரம்பரியத்தை மீட்க விரும்பும் ஆண் தோழர்கள் முதலில் உலக்கையை மீட்டு இரண்டு படி கம்பு குத்திப் பார்க்கலாம். முடியாதென்றால் ஊருக்கு ஊர் சிறுதானியம் உமி நீக்கும் இயந்திரம் கேட்டுப் போராடலாம். இரண்டாவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

நாக்குக்குச் சொல்லிக்கொடுப்பது

சரி, எப்படிச் சாப்பிடுவது? ருசி யாருக்கும் பிறப்போடு வருவதில்லை. எது உசத்தி, எது மட்டம் என்று ஊர் சொல்லிச் சொல்லித்தான் நாக்கு படிக்கிறது. படித்ததை மாற்றியும் படிக்கலாம்.

முதல் விதி: எதையும் சோறாக நினைத்து வாயில் வைக்காதீர்கள். சாமையை அரிசியின் ஏழைத் தம்பியாக நினைத்தால் ஏமாற்றம்தான். அதற்கென்று ஒரு வாசனை இருக்கிறது. அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து வேகவிடுங்கள், தயிருக்கு அருமையாகச் சேரும். வரகு குழம்பை நன்றாக உறிஞ்சும், காரக் குழம்புக்கு அதை எடுங்கள். குதிரைவாலி சீக்கிரம் வெந்துவிடும், கவனிக்காவிட்டால் குழைந்துவிடும். கம்பங்கூழுக்கு மோரும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இல்லாமல் முடியாது.

குயினோவாவின் தோலில் கசப்பு உண்டு. பூந்திக்கொட்டையில் நுரை வருகிறதே, அதே சபோனின். ஆண்டிஸ் பெண்கள் அதைக் கல் குழியில் போட்டுக் காலால் மிதித்துத் தேய்த்துப் போக்கினார்கள். கடையில் வருவது பெரும்பாலும் கழுவியதுதான், என்றாலும் நுரை நிற்கும்வரை அலசுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், பதினைந்து நிமிடம். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சின்ன வால் சுருண்டு வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மிளகு, பூண்டு, வெங்காயம் தாளித்து உப்புமா போலக் கிளறினால் நன்றாக இருக்கும்.

சீலியாக் உள்ள தோழருக்கு இரண்டு எச்சரிக்கை. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைப் போட்டால் கோதுமையும் சேர்ந்துதான் வரும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம், பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். சர்க்கரை நோய்க்காக மாறுகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். கேழ்வரகும் மாவுச்சத்துத்தான், கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அளவு முக்கியம்.

குயினோவாவில் புரதம் அதிகம் என்பது உண்மை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். களியோடு கொள்ளுக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ சேர்ந்துவிட்டால் புரதமும் வந்துவிடும். காசில்லாத தோழர்கள் குயினோவாவுக்காக ஏங்க வேண்டியதில்லை.

களிக்கு வருவோம். நொய்யைக் குழைய வேகவைத்து, கொதியின் நடுவே கேழ்வரகு மாவைக் கொட்டி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிறகு துடுப்பால் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். கையை நனைத்து உருட்ட வேண்டும். பிய்த்துக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். இந்தக் கிண்டும் பதம் புத்தகத்தில் வராது. தெரிந்தவரிடம் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். யாரிடம் கற்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். யூடியூபில் களி கிண்டும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள்.

குழம்பையும் மறைக்காதீர்கள். பெரிய ஓட்டல்களின் சிறுதானியத் திருவிழாக்களில் தினைப் பாயசம், சாமைப் பொங்கல், வரகுத் தயிர்சாதம் என்று பட்டியல் போடுகிறார்கள். எங்கள் ஊரில் களியின் ஜோடி கருவாடு, நாட்டுக்கோழி, மாட்டுக்கறி, கீரைக் கடைசல். தானியத்தை மேலே ஏற்றிவிட்டுக் குழம்பை வாசலிலேயே நிறுத்துவதைப் பாரம்பரியம் என்று நான் ஏற்கமாட்டேன். மராத்தியில் ஷாஹு படோளே என்ற தலித் எழுத்தாளர் மராத்வாடாவின் தலித் சமையலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 'அன்னம் முழுமையான பிரம்மம்' என்ற மராத்தி வழக்கைத் திருப்பி, 'முழுமையற்ற பிரம்மம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். எங்கள் சமையல் இல்லாமல் உங்கள் அன்னம் எப்படி முழுமையாகும் என்ற கேள்வி அதில் இருக்கிறது.

யார் கை, யார் நிலம்

தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு சாதி நின்றுவிடுவதில்லை. சமைத்த கை யாருடையது என்றும் கேட்கும். 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அங்கே உலையில் கொதித்தது என்ன தானியமாக இருந்தால் என்ன? நாளைக்கே சத்துணவில் கேழ்வரகு வரலாம், வர வேண்டும். அதைக் கிண்டுகிற துடுப்பை ஒரு தலித் பெண்ணின் கையிலிருந்து பிடுங்க முடியாத நிலையும் சேர்ந்து வர வேண்டும்.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. சிறுதானியம் மானாவாரிப் பயிர். மேட்டு நிலம், கல்லு நிலம் போதும். அந்த நிலமாவது யாரிடம் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலங்களின் கதி உங்களுக்குத் தெரியும். காரணை நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

நிலம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியைப் பாருங்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு இணைந்த தலித் பெண்களின் ஊர்ச் சங்கங்கள் அங்கே இருக்கின்றன. தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திச் சோளம் விதைக்கக் கடன் கொடுத்தார்கள், கடனைச் சோளமாகவே திருப்பி வாங்கினார்கள். 1990களின் நடுவிலிருந்து அந்தச் சோளத்தைச் சேமித்து, ஊரில் யார் அதிகம் ஏழை என்று ஊரார் முன்னிலையிலேயே முடிவு செய்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். மாற்று ரேஷன் என்று அதற்குப் பெயர். விதையும் அவர்கள் கையில். 2008இல் சொந்தமாக ஒரு சமூக வானொலியும் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது.

அந்தப் பெண்கள் 'சூப்பர் உணவு' என்று எதையும் கண்டுபிடிக்கவில்லை. நிலம், விதை, களஞ்சியம், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம், நான்கையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். சோளத்துக்கு மரியாதை அதன் பிறகு தானாக வந்தது.

நாம் கேட்க வேண்டியவையும் அதிலிருந்து பிறப்பவைதான். 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கியது. நல்ல தொடக்கம். அரிசியின் அளவைக் குறைக்காமல் அதோடு கூடுதலாகக் கேழ்வரகு வேண்டும், எல்லா மாவட்டத்துக்கும் வேண்டும் என்று கேட்போம். 2023-24இல் ஒன்றிய அரசு கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய் ஆதார விலை அறிவித்தது, சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் அறிவிக்கவில்லை. ஸ்ரீ என்ற பட்டம் கொடுத்தவர்கள் விலையையும் கொடுக்கட்டும். பஞ்சமி நிலத்தைத் திருப்பித் தரட்டும், அதில் என்ன விதைப்பது என்று நிலத்துக்காரர் முடிவு செய்துகொள்வார்.

இந்தப் பக்கம், உங்கள் விடுதி உணவுக்குழுக் கூட்டத்தில் வாரம் ஒருநாள் களி கேளுங்கள். கூடவே கருவாட்டுக் குழம்பும் கேளுங்கள். சீலியாக் உள்ள தோழருக்குத் தனிப் பாத்திரம் கேளுங்கள். சமையல்கட்டில் இருக்கும் அக்காக்களுக்கு ஒழுங்கான சம்பளம் வருகிறதா என்று அதே கூட்டத்தில் கேளுங்கள். இவ்வளவும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். களி நன்றாக இறங்கும்.